கானாவைப் பிள்ளைகளுக்கு எப்படி அறிமுகப்படுத்துவது? (வயது 7–9, ஐந்து பீரியட்)

#1 நாலாம்பீரியட்

பள்ளியில் வகுப்புக்கு ஒரு நாடு என்று சீட்டுப் போட்டதில் கானா வந்திருக்கிறது. பிள்ளைகள் 28 பேர், இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் கலந்து. 40 நிமிஷம் வீதம் 5 பீரியட். செலவு ஆயிரம் ரூபாய்க்குள் முடிய வேண்டும்.

இப்போதைய திட்டம்: முதல் நாள் வரைபடம், கொடி, தலைநகர். இரண்டாம் நாள் ஆப்பிரிக்க முகமூடி செய்வது. மூன்றாம் நாள் வண்ணக் காகிதத்தில் கென்டே (கானாவின் நெசவுத் துணி) பின்னுவது. நான்காம் நாள் ஃபுஃபு (அங்கே சாப்பிடும் களி). ஐந்தாம் நாள் ஜெம்பே மேளத் தாளமும் மாறுவேடமும்.

எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்றலாம்?

#2 சோழிமூட்டை

கோபித்துக்கொள்ளாதீர்கள், இதில் பாதி கானாவே இல்லை.

முகமூடி: ஐவரி கோஸ்ட், மாலி, நைஜீரியா என்று அக்கம்பக்கத்தில் முகமூடி மரபு செழிப்பாக இருக்கிறது. ஆனால் கானாவின் மிகப் பெரிய மொழிக்கூட்டமான ஆக்கான் மக்களுக்கு முகமூடி பெரிய விஷயமே இல்லை. அவர்களுக்கு முக்கியம் முக்காலி. ஆக்கான் பிரிவுகளில் ஒன்றான அசாந்தே அரசின் உயிரே ஒரு தங்க முக்காலிக்குள் இருப்பதாக நம்பிக்கை. ஜெம்பேயும் மாலி, கினி பக்கத்து மேளம். சுற்றுலாக் கடைகளில் எங்கும் கிடைப்பதால் 'ஆப்பிரிக்கா' என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டது.

மாறுவேடத்தில் ஒரே ஒரு விதி: எந்தப் பிள்ளை முகத்திலும் கறுப்புச் சாயம் பூசக் கூடாது. யார் எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும் கூடாது. ஆண்கள் கென்டேயை இடது தோளில் போட்டு, வலது தோளும் கையும் வெளியே தெரியப் போர்த்துவார்கள். ஒரு பெரிய துணி இருந்தால் அதைக் கட்டிக் காட்டலாம். அவ்வளவு போதும்.

ஐந்து நாளும் ஆக்கான் மக்களை மட்டும் பிடித்துக்கொள்வதே நல்லது. கானாவில் ஏவே, கா, டகோம்பா என்று இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எல்லோரையும் ஒரு வாரத்தில் அடைத்தால் பிள்ளைகள் தலையில் நிற்பது 'மேளம் அடிப்பார்கள், கலர் துணி கட்டுவார்கள்' என்பது மட்டும்தான்.

#3 வரைபடப்பித்தன்

முதல் நாளுக்குச் சில விஷயம்.

கொடியைப் பலரும் தப்பாகப் போடுகிறார்கள். மேலே சிவப்பு, நடுவில் தங்க மஞ்சள், கீழே பச்சை, மஞ்சளின் நடுவில் கறுப்பு நட்சத்திரம். பட்டைகள் படுக்கைவாட்டில் இருக்க வேண்டும். நட்டுக்குத்தாகப் போட்டு நட்சத்திரத்தை மஞ்சளாக்கினால் அது கேமரூன் பக்கம் போய்விடும். இந்தக் கொடியை வரைந்தவர் தியோடோசியா ஓகோ என்ற பெண். கானாவில் ஹாக்கி வளர்ந்ததிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

6 மார்ச் 1957-இல் விடுதலை. அதுவரை பெயர் கோல்ட் கோஸ்ட். 'கானா' என்ற பெயரை ஒரு பழைய பேரரசிடமிருந்து எடுத்தார்கள். அந்தப் பேரரசு இருந்தது இன்றைய மௌரித்தேனியா, மாலி பக்கம், இன்றைய கானாவின் எல்லைக்குள்ளேயே இல்லை. 'பழைய கானாதான் இன்றைய கானா' என்று சார்ட்டில் எழுதி ஒட்டிவிடாதீர்கள்.

பரப்பில் தமிழ்நாட்டைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. தலைநகர் அக்ரா கடலோரத்தில். பக்கத்துத் துறைமுக ஊர் தெமா வழியாகத்தான் கிரீன்விச் கோடு போகிறது. அதனால் கணக்கு சுலபம்: நம் மணியிலிருந்து ஐந்தரை மணி நேரம் கழித்தால் அக்ரா மணி. சுவரில் இரண்டு கடிகாரம் மாட்டி, ஒன்றை ஐந்தரை மணி பின்னே வையுங்கள். காலை பதினொன்றுக்கு, 'இப்போது அங்கே விடியற்காலை ஐந்தரை, உங்கள் வயதுப் பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கும்?' என்று தினமும் கேளுங்கள். தலைநகரை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட இது நன்றாக வேலை செய்யும்.

#4 சோழிமூட்டை

முதல் நாளிலேயே பெயரைக் கொடுத்துவிடுங்கள். ஆக்கான் மக்களிடம் பிறந்த கிழமையே ஒரு பெயர். முதலில் ஆண், அடுத்தது பெண்:

ஞாயிறு: குவாசி, அகோசுவா
திங்கள்: குவாஜோ, அஜோவா
செவ்வாய்: குவாபெனா, அபெனா
புதன்: குவாகு, அகுவா
வியாழன்: யாவ், யா
வெள்ளி: கோஃபி, அஃபுவா
சனி: குவாமே, அமா

ஆக்கான் மக்களில் இன்னொரு பிரிவான ஃபாண்டே வழக்கில் கொஞ்சம் மாறும் (குவேசி, கோஜோ, கோபினா, எசி, எஃபுவா என்று). இரண்டு புத்தகத்தில் இரண்டு விதமாக இருந்தால் ஒன்று தப்பு என்று அடித்துவிடாதீர்கள்.

ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் வெள்ளிக்கிழமை பிறந்தவர். நாட்டின் முதல் தலைவர் குவாமே இங்க்ருமா பெயரில் சனி இருக்கிறது. தங்க முக்காலிக்கும் கிழமைப் பெயர் உண்டு. வெள்ளிக்கிழமை வானத்திலிருந்து இறங்கியதாகக் கதை, அதனால் அது 'சிகா ஜுவா கோஃபி'. ஒரு முக்காலிக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நடைமுறையில் வரும் சிக்கல்: பிறந்த தேதிக்குக் கிழமை பார்த்துத் தரும்படி வீட்டில் கேட்டால், விடியற்காலையில் பிறந்த பிள்ளைகளுக்கு ஜாதகத்தில் ஒரு கிழமை, சான்றிதழில் ஒரு கிழமை இருக்கும். பஞ்சாங்க நாள் சூரிய உதயத்தில் தொடங்குவதால் வரும் குழப்பம். பள்ளிப் பதிவேட்டுத் தேதியை வைத்து நீங்களே 28 பேருக்கும் முன்கூட்டிப் பார்த்து, அட்டையில் எழுதிக் கொண்டுபோய்விடுங்கள். இரட்டையர் இருந்தால் கிழமைப் பெயரோடு 'அத்தா' என்றும் சேரும். கோஃபி அன்னான்கூட இரட்டையரில் ஒருவர்தான்.

இன்னொன்று, இது செல்லப்பெயர் விளையாட்டு இல்லை, பதிவேட்டிலும் இருக்கும் பெயர். பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலியாகக் கூப்பிட ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

#5 தொட்டில்புழுதி

உச்சரிப்பு? ஆக்கான் மக்கள் பேசும் ட்வி மொழிச் சொற்களை ஆங்கில எழுத்தில் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை.

#6 சோழிமூட்டை

தமிழ் எழுத்தில் எழுதினால் பாதிப் பிரச்சினை போய்விடும். ஆங்கில எழுத்தில் 'கே' 'ஒய்' சேர்ந்து வந்தால் ஒலி 'ச்ச'. 'டி' (D) 'டபிள்யூ' சேர்ந்தால் கிட்டத்தட்ட 'ஜுவ'. 'என்' 'ஒய்' சேர்ந்தால் நம்முடைய 'ஞ' அப்படியே. கடவுளுக்கு ட்வியில் 'ஞாமே'. ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் 'நியாமே' என்று தடுமாறுகிற இடத்தில் நம் பிள்ளைகளுக்கு எழுத்தே கையில் இருக்கிறது.

நான்கு சொல் போதும்: அக்வாபா (வாங்க வாங்க), மாச்சே (காலை வணக்கம்), எத்தே சென் (எப்படி இருக்கீங்க), மேதாசே (நன்றி). வலது கையால்தான் கொடுக்க வேண்டும், வாங்க வேண்டும். இடது கையை நீட்டுவது அங்கேயும் மரியாதைக் குறைவு. இதைச் சொல்லித்தரத் தனியாக நேரம் வேண்டாம், நம் வீட்டிலேயே பாட்டி சொல்லிக்கொடுத்தாயிற்று.

#7 கழற்சிக்காய்

முகமூடி நாளை எடுத்துவிட்டு ஓவாரே வையுங்கள். பல்லாங்குழியின் உறவுக்கார ஆட்டம். கானாவில் இதற்குப் பயன்படுத்தும் சாம்பல்நிற விதை எது தெரியுமா? நம் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் கழற்சிக்காய்தான், அதே கொடி. சங்ககாலக் கழங்காட்டத்துக்குப் பெயர் தந்த காய்.

பலகை: 2 வரிசை, வரிசைக்கு 6 குழி. 30 முட்டை அட்டையில் ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் ஐந்து இருக்கும். ஆறு குழி உள்ள வரிசைகளை இரண்டிரண்டாக வெட்டினால் ஓர் அட்டையில் இரண்டு பலகை. 14 ஜோடிக்கு 7 அட்டை. குழிக்கு 4 விதை, பலகைக்கு 48, மொத்தம் 672. கழற்சிக்காய் அவ்வளவு வாங்கக் கட்டாது. ஒரு பலகைக்கு மட்டும் வாங்கிக் காட்டிவிட்டு மற்றதற்குப் புளியங்கொட்டை போடுங்கள்.

ஆட்டம்: உங்கள் பக்கத்துக் குழி ஒன்றில் உள்ளதை முழுக்க அள்ளி, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு போக வேண்டும். கடைசி விதை எதிராளியின் குழியில் விழுந்து, அங்கே மொத்தம் 2 அல்லது 3 ஆனால் அது உங்களுக்கு. அதற்கு முந்தின குழியும் எதிராளியுடையதாக இருந்து அதிலும் 2 அல்லது 3 இருந்தால் அதுவும். இப்படிப் பின்னோக்கிப் போய், 2 அல்லது 3 இல்லாத குழி வந்ததும் நிறுத்த வேண்டும்.

பிள்ளைகள் தவறுவது இங்கேதான், அதனால் கரும்பலகையில் ஓர் ஆட்டம் போட்டுக் காட்டுங்கள். உங்கள் வலது ஓரக் குழியில் 3 விதை. எதிராளியின் முதல் மூன்று குழிகளில் 1, 4, 2. நீங்கள் போட்டதும் அவை 2, 5, 3 ஆகும். கடைசிக் குழியில் 3, எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முந்தினதில் 5, அங்கே நின்றுவிட வேண்டும். முதல் குழியில் 2 இருந்தாலும் தொடக் கூடாது, நடுவில் சங்கிலி அறுந்துவிட்டது. 'அதிலும் ரெண்டு இருக்கே மிஸ்' என்று யாராவது கேட்டே தீருவார்கள்.

குழியில் 12 அல்லது அதற்கு மேல் சேர்ந்து ஒரு சுற்று வந்தால், எடுத்த குழியைத் தாண்டிப் போட வேண்டும். எதிராளி பக்கம் காலியாக இருந்தால், அவருக்கு விதை போய்ச் சேரும்படியான ஆட்டம் இருக்கும்வரை அதைத்தான் ஆட வேண்டும், பட்டினி போடக் கூடாது. எதிராளியின் எல்லா விதைகளையும் ஒரே வீச்சில் பிடிப்பதும் கிடையாது. 25 சேர்த்தவர் ஜெயித்தார்.

#8 நாலாம்பீரியட்

வகுப்பில் பாதிப் பேருக்குப் பல்லாங்குழி தெரியும். அது சௌகரியமா, தொந்தரவா?

#9 கழற்சிக்காய்

முதல் பத்து நிமிஷம் தொந்தரவு. பல்லாங்குழி கை பழகியவர்கள் கடைசி விதை போட்டதும் அடுத்த குழியை அள்ளித் தொடர்வார்கள், வெற்றுக் குழி வந்தால் தட்டிவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். ஓவாரேயில் ஒரு முறை போட்டால் ஆட்டம் எதிராளிக்கு. நாலு சேர்ந்தால் 'பசு' என்று எடுப்பதும் இல்லை. அதனால் 'இது பல்லாங்குழி மாதிரி' என்று ஆரம்பிக்காதீர்கள். முதலில் ஓவாரேயை மட்டும் ஆட விட்டு, கடைசி ஐந்து நிமிஷத்தில் 'என்ன வித்தியாசம்?' என்று கேளுங்கள். அவர்களே அடுக்குவார்கள்.

மைதானத்துக்கு ஒன்று: வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தர் துணியோடு பின்னால் சுற்றி வந்து யார் முதுகுக்குப் பின்னாலாவது போட்டுவிட்டு ஓடும் ஆட்டம் கானாவிலும் உண்டு. பெயர் அன்டோ அச்சீரே. நம் குலைகுலையா முந்திரிக்காயேதான். புதிதாகக் கற்றுத்தர ஒன்றுமில்லை, பெயரை மட்டும் சொன்னால் போதும். அங்கேயும் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டுதான் சுற்றுவார்கள்.

#10 பாவு_ஊடை

கென்டே பற்றி. ஏ4 காகிதத்தை முழுசாகப் பின்னுவதில் கென்டேயின் அடிப்படையே விட்டுப்போகிறது. கென்டே அகலத் துணியாக நெய்யப்படுவதில்லை. சுமார் 4 அங்குல அகலத்தில் நீளமான பட்டையாக நெய்து, பட்டைகளை அருகருகே தைத்துத்தான் துணியாகிறது. ஆண்கள் போர்த்தும் துணிக்கு இருபதுக்கு மேல் பட்டை தேவைப்படும். குமாசி பக்கம் பொன்வைரே இதற்குப் பேர்போன ஊர். ஏவே மக்களின் கென்டே வேறு வகை, அதற்கு அகோட்டிமே பேட்டோயே. 2024-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது.

நெசவாளர் பாவு நூலை (நீளவாட்டு இழைகளை) நேரே முன்னால் பல அடி தூரத்துக்கு நீட்டி, அதன் நுனியைக் கல் ஏற்றிய சறுக்குப் பலகையில் கட்டியிருப்பார். நெய்து சுருட்டச் சுருட்ட அந்தக் கல் தரையில் இழுபட்டு நெருங்கி வரும். விழுதை (பாவு இழைகளைப் பிரிக்கும் நூல் கண்ணிகளை) கால் விரல் இடுக்கில் பிடித்த கயிற்றால் ஏற்றி இறக்குவார். இந்த ஒரு படத்தைக் காட்டினாலே வகுப்பு முடிந்த மாதிரி.

செய்முறை. 12 × 20 செ.மீ. கெட்டி அட்டை. மேல், கீழ் விளிம்பில் இரண்டு பக்கமும் 1 செ.மீ. விட்டு, 1 செ.மீ.க்கு ஒரு வெட்டு, மொத்தம் 11. பாவு நூலை நீங்கள் முன்கூட்டியே ஏற்றிவிட வேண்டும். பிள்ளைகளிடம் விட்டால் பீரியட் அதிலேயே போய்விடும். பாவுக்கு உல்லன் நூல் வேண்டாம், இழுத்தால் நீளும். பின்னல் போடும் பருத்தி நூல் நிற்கும். ஊடைக்கு (குறுக்கே ஓடும் நூலுக்கு) உல்லன் சரி.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று.

முதலாவது, ஓரம் உள்ளே இழுபட்டு, பட்டை உடுக்கை மாதிரி நடுவில் ஒடுங்கும். ஊடையை நேர்க்கோடாக இழுப்பதால் வருகிறது. நூலை வில் போல வளைத்து விட்டுவிட்டு, சீப்பாலோ முள்கரண்டியாலோ கீழே தட்ட வேண்டும்.

இரண்டாவது, போன வழியிலேயே திரும்பி வருவார்கள், நூல் உருவிக்கொண்டு வந்துவிடும். ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாவுகளுக்கு அடியில் ஒரு ஸ்கேலைச் செருகிக் கொடுங்கள். போகும்போது ஸ்கேலை நிமிர்த்தி வழியில் நூலை விடலாம், வரும்போது மட்டும் ஊசியால் மாற்றி எடுக்கலாம்.

மூன்றாவது, கட்டங்கள் பொருந்தாது. அட்டையிலேயே 3 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டுவிடுங்கள், 15 செ.மீ.க்கு ஐந்து கட்டம். பாதிப் பேர் மஞ்சளில் தொடங்கட்டும், பாதிப் பேர் பச்சையில். பட்டைகளை மாற்றி மாற்றி வைத்துத் தைக்கும்போதுதான் அந்தச் சதுரங்கக் கட்டம் உருவாகும். தனிப் பட்டையில் அது கண்ணுக்குத் தெரியாது. ஏழு பேர் ஒரு குழு, நான்கு குழு, நான்கு துணி.

ஒரு பீரியடில் முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏழு வயதுக்காரர்கள் இரண்டு கட்டம் முடித்தாலே பெரிது. அட்டைகளை ஒரு பெட்டியில் போட்டு வகுப்பு மூலையில் வையுங்கள், ஐந்து நாளும் இடைவேளையில் தொடரட்டும்.

#11 தொட்டில்புழுதி

எனக்கு இந்த நெசவு, ஆட்டம் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கானா என்றால் அடிமை வாணிபக் கோட்டைகளும்தானே? அதைத் தொடாமல் ஒரு வாரம் ஓட்டினால் சுற்றுலா விளம்பரம் மாதிரி ஆகாதா?

#12 நெய்மணம்

ஏழு வயதுக் குழந்தைக்கா? அந்தக் கோட்டையின் நிலவறைப் படங்களைக் காட்டி ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கவா?

#13 வரைபடப்பித்தன்

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. இந்த வயதுக்கு நிலவறை, சங்கிலிப் படங்கள் வேண்டாம். ஆனால் மறைக்கவும் வேண்டாம். வழி அனான்சே.

அனான்சே சிலந்தி, ஆக்கான் கதைகளின் தந்திரக்காரன். முழுப்பெயர் குவாகு அனான்சே, அதாவது புதன்கிழமை பிறந்தவன். (வகுப்பின் குவாகுகளும் அகுவாக்களும் இந்த இடத்தில் கூத்தாடுவார்கள்.) இந்தக் கதைகள் ஜமைக்காவிலும் இருக்கின்றன. 'அவ்வளவு பெரிய கடலைத் தாண்டி ஒரு சிலந்தி எப்படிப் போச்சு?' என்று கேளுங்கள். பதிலை இரண்டு மூன்று வாக்கியத்தில் நேராகச் சொல்லலாம்: அங்கிருந்த மக்களைப் பிடித்து, விலைக்கு விற்று, கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அது பெரிய கொடுமை. அவர்களால் எதையும் கையில் எடுத்துப் போக முடியவில்லை, கதை மட்டும் கூடவே போயிற்று. கேள்வி வந்தால் பதில் சொல்லுங்கள், வராவிட்டால் நீட்டாதீர்கள்.

'வேலைக்குக் கூட்டிப்போனார்கள்' என்று மழுப்பாதீர்கள். பின்னால் உண்மை தெரியும்போது அந்த ஆசிரியரின் மற்ற வார்த்தைகளும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகும்.

எட்டாம் வகுப்புக்கு மேல் என்றால் கோட்டைக்கே போகலாம். எல்மினா கோட்டையைப் போர்த்துகீசியர் 1482-இல் கட்டத் தொடங்கியது தங்க வணிகத்துக்காக. 1637-இல் டச்சுக்காரர் கைக்குப் போனது. நமக்கு அருகிலேயே ஒரு கண்ணி இருக்கிறது: தரங்கம்பாடியில் 1620-இல் டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டிய டென்மார்க்தான் அக்ராவில் கிறிஸ்டியன்ஸ்போர்க் கோட்டையை வைத்திருந்தது. தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு 1845-இல் விற்றார்கள், கானாக் கரைக் கோட்டைகளை 1850-இல். தரங்கம்பாடிக்குச் சுற்றுலா போகிற எந்தப் பள்ளியும் இதைச் சொல்வதாகத் தெரியவில்லை.

#14 சோழிமூட்டை

இன்னொரு கண்ணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கானா நாணயத்தின் பெயர் செடி, 100 பெசேவா ஒரு செடி. அந்தச் சொல் ஆக்கான் மொழியில் சோழியைக் குறிப்பது. மேற்கு ஆப்பிரிக்காவில் காசாகப் புழங்கிய சோழிகளில் பெரும்பகுதி மாலத்தீவுக் கடலில் எடுத்தவை. நம் வீட்டில் தாயமும் பல்லாங்குழியும் ஆடுகிற அதே சோழி. அந்தச் சோழியைக் கொடுத்து ஆளையும் வாங்கினார்கள் என்பதைப் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லலாம். சின்னவர்களுக்கு ஒரு சோழியைக் கையில் கொடுத்து 'இது ஒரு காலத்தில் பணம்' என்றால் போதும்.

#15 நாலாம்பீரியட்

அனான்சே கதையில் எதைச் சொல்லலாம்? படித்துக்காட்டினால் போதுமா?

#16 வரைபடப்பித்தன்

படிக்க வேண்டாம், சொல்லுங்கள். இந்த வயதுக்கு ஞானப் பானைக் கதை சரி. உலகத்து ஞானத்தையெல்லாம் அனான்சே ஒரு பானைக்குள் அடைக்கிறான். யாருக்கும் கிடைக்காமல் உச்சாணிக் கிளையில் ஒளித்துவைக்க வேண்டும். பானையை வயிற்றுப் பக்கம் கட்டிக்கொண்டு ஏறுகிறான், பானை மரத்துக்கும் அவனுக்கும் நடுவில் இடிக்கிறது, சறுக்குகிறான். கீழே இருந்து மகன் இன்டிக்குமா, 'அப்பா, முதுகில் கட்டிக்கொண்டால் என்ன?' என்கிறான். எல்லா ஞானமும் பானைக்குள் இருக்க, சின்னப் பயலுக்கு எங்கிருந்து வந்தது இது? கோபத்தில் பானையை விட்டுவிடுகிறான், உடைகிறது, ஞானம் ஊரெல்லாம் சிதறுகிறது.

ஒரு பிள்ளையை அழைத்து, பள்ளிப்பையை வயிற்றுப் பக்கம் மாட்டித் தூணைக் கட்டிப்பிடிக்கச் சொல்லுங்கள். யாரும் சொல்லாமலே வகுப்பு 'பின்னாடி மாட்டு!' என்று கத்தும். கதையில் இன்டிக்குமா பேச வேண்டிய இடத்தில் வகுப்பே பேசிவிடும்.

ஆக்கான் கதைசொல்லலில் 'மொகுவோ' என்று ஒன்று உண்டு. கேட்கிறவர்களில் ஒருவர் இடையில் புகுந்து பாட்டெடுப்பார், எல்லோரும் சேர்ந்து பாடி முடித்ததும் கதை தொடரும். பாட்டெடுக்க இரண்டு பிள்ளைகளை முன்கூட்டியே தயார்செய்து வையுங்கள். இல்லாவிட்டால் 28 பேரும் ஒரே நேரத்தில் குறுக்கிடுவார்கள். கதை முடிந்ததும் நீதி கேட்காதீர்கள், தயவுசெய்து.

#17 டண்டணக்கா

ஜெம்பேக்குப் பதிலாக மணித் தாளம். இது ஏவே மக்களுடையது, ஆக்கான் இல்லை. அதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். இரட்டை இரும்பு மணி, பெயர் கங்கோகுய். மேளம் எத்தனை இருந்தாலும் எல்லோரும் இந்த மணியைக் கேட்டுத்தான் வாசிப்பார்கள்.

12 எண்ணிக்கை. தட்ட வேண்டியவை 1, 3, 5, 6, 8, 10, 12. மற்றவை மௌனம். வாயால் எண்ணிக்கொண்டு தட்டினால் ஏழு வயதுக்குப் பிடிபடாது. ஆர்மோனியமோ கீபோர்டோ இருந்தால் குறுக்குவழி உண்டு: ச-வுக்கு வெள்ளைக் கட்டையில் தொடங்கும் இடத்திலிருந்து (இரண்டு கறுப்புக் கட்டைகளுக்கு இடப்பக்கம் உள்ளது) பன்னிரண்டு கட்டைகளையும் வரிசையாக விரலால் தொட்டுக்கொண்டு போங்கள். வெள்ளை வந்தால் கைதட்டு, கறுப்பு வந்தால் சும்மா. அச்சாக அதே தாளம். சுரத்துக்கும் தாளத்துக்கும் சம்பந்தமில்லை, ஆனால் பிள்ளைகளுக்கு மறக்காது.

அடுத்த படி கால். 1, 4, 7, 10-இல் காலடி. கையும் காலும் சேரும் இடம் 1-உம் 10-உம் மட்டுமே, அதனால் தடுமாறுவார்கள். வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பாதி கை, ஒரு பாதி கால். ஒரே ஆள் இரண்டையும் செய்யச் சொல்லாதீர்கள். வேகம் கூட்டினால் 5, 6 இரண்டும் ஒட்டிப்போய்த் தாளமே எட்டு எண்ணிக்கையாக மாறும், அது மாறுகிறதா என்று கவனியுங்கள். இரண்டு தேங்காய்ச் சிரட்டையும் ஒரு ஸ்டீல் டம்ளரும் போதும்.

மேளம் காட்டியே ஆக வேண்டும் என்றால் டொன்னோ படம் காட்டுங்கள். உடுக்கை மாதிரி இடை சிறுத்தது, அக்குளில் இடுக்கிக் கயிறுகளை அழுத்தினால் சுருதி ஏறும், வளைந்த குச்சியால் அடிப்பார்கள். ட்வியில் குரல் ஏற்ற இறக்கத்தால் பொருளே மாறும், அந்த ஏற்ற இறக்கத்தை மேளம் வாசிப்பதால்தான் 'பேசும் மேளம்' என்கிறார்கள்.

#18 நெய்மணம்

சாப்பாட்டுக்கு வருவோம். ஃபுஃபு வேண்டாம். அவித்த மரவள்ளியும் வாழையும் உரலில் இடித்த களி அது, மெல்லாமல் விழுங்குவதுதான் முறை. பழக்கமில்லாத சின்னப் பிள்ளை விழுங்கினால் தொண்டையில் அடைக்கும். தக்காளியில் வேகவைக்கும் ஜோலோஃப் சாதமும் வகுப்புக்கு ஒத்துவராது. (தாளித்துக் கறிவேப்பிலை போட்டால் அது தக்காளி சாதம், ஜோலோஃப் இல்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும்.)

கெலெவெலே செய்யுங்கள். அக்ரா தெருவில் அந்தி நேரத்துத் தின்பண்டம். நேந்திரம்பழம் அப்படியே பொருந்தும்.

28 பேருக்கு 12 பழம். தோல் மஞ்சளில் பாதிக்குக் கறுப்பு விழுந்திருக்க வேண்டும். முழுக்க மஞ்சளாக இருந்தால் உள்ளே சப்பென்று கட்டியாக நிற்கும், முழுக்கக் கறுத்தால் எண்ணெய் குடித்துக் குழையும். முக்கால் அங்குலத் துண்டு. அரைக்க: 3 அங்குலம் இஞ்சி, 8 கிராம்பு, 1 தேக்கரண்டி சோம்பு, அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள் (அங்கே இன்னும் காரம்), உப்பு 2 தேக்கரண்டி. தண்ணீர் மிகக் கொஞ்சம். பிசறிப் பத்து நிமிஷம்தான் வைக்க வேண்டும். அரை மணி நேரம் விட்டால் உப்பு நீரை இழுத்துவிடும், மசாலா கழன்று எண்ணெய் தெறிக்கும், அடியில் கருகும். நடுத்தரத் தீ, ஒரு ஈடுக்கு ஒரு அடுக்குக்கு மேல் போடாதீர்கள். ஓரம் கருஞ்சிவப்பானதும் எடுக்கலாம்.

பொரிப்பது வகுப்பில் கூடாது, சமையலறையில் பெரியவர்கள். பிள்ளைகள் வேலை தோலுரிப்பது, பிசறுவது. அங்கே வறுத்த வேர்க்கடலையோடு சாப்பிடுவார்கள், யாருக்காவது கடலை ஒவ்வாமை இருக்கிறதா என்று வீட்டில் எழுதி வாங்கிவிட்டுக் கொடுங்கள்.

#19 பாவு_ஊடை

அச்சு போட ஆசைப்பட்டால் அடிங்க்ரா உண்டு. இன்டோன்சோ ஊரில் சுரைக்குடுக்கைத் துண்டில் செதுக்கி, மரப்பட்டையைக் காய்ச்சிய கறுப்புச் சாயத்தில் தோய்த்துத் துணியில் பதிப்பார்கள். முன்பு துக்க நாளுக்கான துணி. குடுக்கை வளைந்திருப்பதால் அழுத்துவதில்லை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு உருட்டுவார்கள்.

உருளைக்கிழங்கில் செய்தால் வெட்டிய முகத்தைத் துடைத்துக் கால் மணி நேரம் காய விடுங்கள், ஈரம் இருந்தால் சாயம் நீர்த்துத் திட்டுத்திட்டாக விழும். சாயத்தில் முக்காமல் பஞ்சால் ஒற்றிப் பூசுங்கள். சங்கோஃபா என்ற பறவை திரும்பிப் பார்த்து முதுகிலிருந்து முட்டையை எடுக்கும், 'விட்டதைத் திரும்பிப் போய் எடு' என்று பொருள். அச்சில் இடவலம் மாறும், அந்தப் பறவையைப் பொறுத்தவரை பாதகமில்லை. ஆனால் பிள்ளைகள் தங்கள் பெயரெழுத்தையும் செதுக்குவார்கள், அது கண்ணாடி எழுத்தாக வரும்.

#20 நாலாம்பீரியட்

மாற்றிவிட்டேன். முதல் நாள் இரண்டு கடிகாரம், கிழமைப் பெயர் அட்டை, நான்கு சொல். இரண்டாம் நாள் ஞானப் பானை, கூடவே கடலைத் தாண்டிய சிலந்தி. மூன்றாம் நாள் ஓவாரே. நான்காம் நாள் நெசவு, பெட்டி முதல் நாளிலிருந்தே மூலையில். ஐந்தாம் நாள் மணித் தாளமும் கெலெவெலேயும். அடிங்க்ராவுக்கு நேரமில்லை.

ஒரே சந்தேகம்: முட்டை அட்டையைக் கழுவ முடியாதே?

#21 கழற்சிக்காய்

கழுவினால் கூழாகிவிடும். பழைய அட்டையே வேண்டாம், கோழியின் எச்சம் ஒட்டியிருக்கும். முட்டை மொத்தக் கடையில் புது அட்டை கட்டாக வைத்திருப்பார்கள், ஏழு கேட்டால் தருவார்கள். இரண்டு வரிசைகளுக்கு நடுவில் நிற்கும் கூம்பை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் புளியங்கொட்டை தட்டித் தரையில் ஓடும். பலகைக்கு 48 எண்ணி ஒரு டப்பாவில் போட்டு, ஆட்டம் முடிந்ததும் திரும்ப எண்ணி வாங்குங்கள்.

#22 நெய்மணம்

புளியங்கொட்டையைக் கழுவி ஒரு நாள் வெயிலில் போட்டுக் காயவைத்துக் கொடுங்க. புளி ஒட்டியிருந்தா எறும்பு வரும், ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிட்டா எண்ணவும் முடியாது.